பிரிப்பதற்காகவே தைத்த உடை

ஜப்பானின் மரபு உடையான கிமோனோவின் பாகங்களுக்கு அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதிய படங்கள் எங்கும் கிடைக்கின்றன. கைக்கு ஒரு பெயர், கையில் தொங்கும் பைக்கு ஒரு பெயர், அக்குளுக்குக் கீழே உள்ள திறப்புக்கு ஒரு பெயர், கழுத்துப்பட்டை முடியும் முனைக்கு ஒரு பெயர். முயன்றால் ஒரு மாலைக்குள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் பொத்தானோ ஜிப்போ இல்லாமல் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே தைத்த ஓர் உடைக்கு ஏன் இத்தனை பெயர்கள் என்று அந்தப் படங்களைப் பார்த்தால் தெரியாது. தைப்பவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் தெரியும். உடுத்துகிறவருக்குத் தேவையான பெயர்கள் கொஞ்சம்தான். மற்றவை தைப்பவரும் பிரிப்பவரும் மறுபடி தைப்பவரும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்தவை. பிரித்து, துவைத்து, திரும்பத் தைத்து, இன்னொருவர் உடம்புக்கு மாற்றி, தலைமுறை தாண்டி ஓட வேண்டும் என்று யோசித்து உருவாக்கிய உடை அது. அதன் ஒவ்வொரு பாகத்திலும் அந்த யோசனை இருக்கிறது.

துணியிலிருந்து தொடங்க வேண்டும். கிமோனோத் துணி ‘தன்மோனோ’ என்ற சுருளாக வரும். ஒரு சுருள் ஒரு ஆளுக்கு. அகலம் சுமார் 36 முதல் 38 செ.மீ., நீளம் 12 முதல் 13 மீட்டர். தறியில் உட்கார்ந்தவர் ஊடை நூலைக் கொண்டோடும் நாடாவை ஒரு கையிலிருந்து மறுகைக்குச் சிரமமில்லாமல் தள்ளக்கூடிய அகலம் இது. இந்தக் குறுகலான அகலம்தான் கிமோனோவின் எல்லா விதிகளுக்கும் வேர். துணியின் இரு பக்கமும் நெய்த கரை இருப்பதால் நூல் பிரியாது. அந்தக் கரையைத் தைப்பவர்கள் வெட்டி நீக்கவே மாட்டார்கள்.

வெட்டுவதெல்லாம் நேர்வெட்டு. முதலில் கைகளுக்கு இரண்டு துண்டு. அடுத்து உடம்புக்கு இரண்டு நீளமான துண்டு. மீதமிருக்கும் நீளத்தை நெடுக்காக இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதியிலிருந்து முன்பக்கத்தில் சேர்க்கும் ‘ஒகுமி’ இரண்டு. மறுபாதியிலிருந்து கழுத்துப்பட்டையான ‘எரி’ ஒன்று, அதன்மேல் போர்த்தும் ‘தொமோ-எரி’ ஒன்று. மொத்தம் எட்டு, எட்டும் நீள்சதுரம். வெட்டி முடித்த பிறகு தரையில் கூட்டிப் பெருக்க ஒரு துணுக்குத் துணி இருக்காது.

அளவெடுக்க இவர்களுக்குத் தனிக்கோல் உண்டு: குஜிராஜாகு. அதன் ஒரு ‘ஷாகு’ ஏறத்தாழ 37.9 செ.மீ. தச்சர்களின் ஷாகு 30.3 செ.மீ.தான். ஒரே நாட்டில் மரத்துக்கு ஒரு கோல், துணிக்கு ஒரு கோல். குஜிரா என்றால் திமிங்கிலம். திமிங்கிலத்தின் வாயில் இருக்கும் வளையும் தகட்டில் செய்த கோல் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். 1959 ஜனவரி 1 முதல் ஜப்பானில் வணிகத்துக்கு மெட்ரிக் அளவுதான் செல்லும் என்று சட்டம் வந்தபோது இந்தக் கோல்களை விற்பதே சிக்கலாகிவிட்டது. 1970-களில் பாடலாசிரியரும் வானொலியாளருமான எய் ரொகுசுகே, கைவினைஞர்களுக்கு அவர்களுடைய கோலைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். கிமோனோத் தையல்காரர்கள் இன்றும் குஜிராஜாகுவில்தான் யோசிக்கிறார்கள். எய் ரொகுசுகேயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஒரு தொழிலின் அளவுகோலைப் பறிப்பது அந்தத் தொழிலின் நினைவையே பறிப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டது கியோட்டோவில், வீட்டிலேயே தையல் சொல்லிக்கொடுக்கும் ஒரு மூத்த ஆசிரியையிடம். அவர் புதுத்துணி கொடுத்துத் தைக்கச் சொல்லவில்லை. பழைய கிமோனோ ஒன்றைக் கொண்டுவாருங்கள், முதலில் அதைப் பிரியுங்கள் என்றார். தோஜி கோயிலில் மாதாமாதம் 21-ஆம் தேதி கூடும் சந்தையில் அம்பு இறகு வடிவம் போட்ட ஒரு மெய்சென் பட்டு கிமோனோவை வாங்கிக்கொண்டு போனேன். 1920, 30-களில் பள்ளி மாணவிகளும் வேலைக்குப் போன பெண்களும் விரும்பி உடுத்திய வகை அது. ஆசிரியை அதைப் பாயில் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவினார். பிறகு கையில் ஒரு சின்ன நூல்வெட்டியைக் கொடுத்து, “கைகளிலிருந்து ஆரம்பியுங்கள்” என்றார்.

கை என்றால் ‘சோதே’. பார்க்கப் பெரிய பெட்டிபோல் தொங்கும் அது உண்மையில் ஒரே துண்டு. தோளோரம் மடித்து, பக்கங்களைத் தைத்திருப்பார்கள். மேலிருந்து கீழுள்ள நீளம் ‘சோதேதாகே’. பெரியவர்களின் சாதாரணக் கிமோனோவில் இது 49 செ.மீ. அளவில் இருக்கும், அதாவது அவர்கள் கணக்கில் 1 ஷாகு 3 சுன் (ஷாகுவில் பத்தில் ஒன்று சுன்). மணமாகாத இளம்பெண்கள் விழாக்களில் உடுத்தும் ஃபுரிசோதேயில் கை ஒரு மீட்டரைத் தாண்டித் தொங்கும். மணிக்கட்டு வெளியே வரும் வாய் ‘சோதேகுச்சி’. அதற்குக் கீழே தைத்து மூடிய பைபோன்ற பகுதி ‘தமோத்தோ’. சட்டைப்பை இல்லாத காலத்தில் காகிதம், கைக்குட்டை, சில்லறை எல்லாம் போய்ச் சேர்ந்த இடம் அதுதான். கையின் மறுபக்கம், உடம்பை ஒட்டிய ஓரத்தில், தையல் போடாமல் திறந்தே விட்டிருப்பார்கள். அது ‘ஃபுரி’. நடக்கும்போது உள்ளாடையின் நிறம் அந்த இடைவெளியில் தெரிந்து மறையும். பெண்கள் உள்ளாடைக்கும் மேலாடைக்கும் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதற்கு அந்த ஒரு கீற்று போதும்.

கைக்குக் கீழே உடம்புத் துணியின் பக்கவாட்டிலும் ஒரு திறப்பு இருக்கிறது: ‘மியாட்சுகுச்சி’. பெண்கள், குழந்தைகள் கிமோனோவில் மட்டும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பாகம் இது. காரணம் ஒபி என்ற இடுப்புக்கச்சை. கிமோனோவின் முன்னோடியான பழைய கொசோதேக்களில் அது நாடாபோல் மெல்லியதாக இருந்தது. எடோ காலத்தில் (1603–1868) அது அகலமாகிக்கொண்டே போய் மார்புக்குக் கீழ் முழுவதையும் கட்டிப்போட்டது. கை உடம்போடு முழுநீளத்துக்கும் ஒட்டியிருந்தால், அந்த அகலக் கச்சைக்கு மேல் கையைத் தூக்கவே முடியாது. அதனால் கையை உடம்பிலிருந்து பிரித்தார்கள், திறப்பு பிறந்தது. அதன் வழியே கையை உள்ளே விட்டுத்தான் இன்றும் பெண்கள் இடுப்பு மடிப்பைச் சீர் செய்கிறார்கள். கோடையில் காற்றும் வருகிறது. ஆண்கள் ஒபியை இடுப்பெலும்பில் தாழ்வாகக் கட்டுவதால் அவர்களுக்கு இந்தத் தேவை வரவில்லை. ஆண் கிமோனோவில் கை கிட்டத்தட்ட முழுவதும் உடம்போடு சேர்ந்திருக்கும். சேராமல் கீழே மிஞ்சும் சிறு பகுதியைத் தைத்து மூடிவிடுவார்கள். அந்த மூடிய துண்டுக்குப் பெயர் ‘நிங்யோ’. தூரத்திலிருந்து பார்க்கும்போது ஆண் கிமோனோவையும் பெண் கிமோனோவையும் நான் இந்த இடத்தை வைத்துத்தான் பிரித்தறிகிறேன்.

கைகளைக் கழற்றியபின் கழுத்துப்பட்டை. இங்கேதான் கிமோனோவின் நுட்பம் முழுவதும் குவிந்திருக்கிறது.

மனித உடம்பில் வளைவுகள் இருக்கின்றன. நம் ஊர்ச் சட்டையோ ரவிக்கையோ தைப்பவர் கழுத்தை வளைத்து வெட்டுவார். அந்தத் துணுக்கு குப்பைக்குப் போகும். கிமோனோவில் அப்படி வெட்டுவதில்லை. உடம்புத் துணி ‘மிகோரோ’ முன்பக்கக் கீழோரத்தில் தொடங்கி, மேலேறி, தோளைத் தாண்டி, பின்னால் இறங்கிக் கீழோரம் வரை ஒரே துண்டாகப் போகிறது. தோளில் தையலே கிடையாது. இப்படி இடம் ஒன்று, வலம் ஒன்று. இரண்டையும் முதுகில் சேர்க்கும் நடுத்தையல் ‘செனுயி’. கழுத்து நுழைவதற்கு, தோள் மடிப்பருகே நடுத்தையல் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு பக்கமும் சுமார் 9 செ.மீ. கிடையாக ஒரு கீறல். அதன் பெயர் ‘எரிகதா-அகி’. மொத்தக் கிமோனோவிலும் வெட்டிய ஒரு துண்டுக்குள் மறுபடி கத்தரிக்கோல் நுழைகிற இடம் இது ஒன்றுதான். மற்றெந்த வெட்டையும் ஒட்டித் தைத்து மறைக்கலாம், இதை முடியாது. பிற்பாடு கிமோனோவை யாருக்கு மாற்றித் தைத்தாலும் இந்தக் கீறல் இருக்கும் இடத்தை அனுசரித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் என் ஆசிரியை இதை வெட்டும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்.

பெண்களுக்கு இந்தக் கீறலை உச்சித்தோளில் வைக்காமல் 2 செ.மீ. போலப் பின்னால் தள்ளி வைப்பார்கள். அந்தத் தள்ளலுக்கு ‘குரிகோஷி’ என்று பெயர். இதனால் கழுத்துப்பட்டை பிடரியை விட்டு விலகிப் பின்னால் சாய்ந்து நிற்கும். அந்த இடைவெளியும் அதன் வளைவும் ‘எமோன்’. ஆடல் பாடலில் தேர்ந்த கெய்ஷாக்களும் அவர்களிடம் பயிலும் மைகோக்களும் இதை ஆழமாக இறக்குவார்கள். குடும்பப் பெண்கள் ஒரு முஷ்டி அளவுக்கு விடுவார்கள். ஆண்களுக்கு இந்தத் தள்ளலே இல்லை, பட்டை பிடரியை ஒட்டி நிற்கும்.

எரி என்பது நேரான ஒரு நீளப் பட்டை. அதைக் கீறலைச் சுற்றிக் கொண்டுவந்து மார்பில் சாய்வாக இறக்கித் தைக்கிறார்கள். சாய்வுக்கு வெளியே மிஞ்சும் முக்கோணத் துணியை வெட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். வெட்டுவதில்லை. மடித்துப் பட்டைக்குள்ளேயே வைத்து மூடிவிடுகிறார்கள். நான் பிரித்த மெய்சென்னின் பட்டைக்குள்ளிருந்து அந்த முக்கோணங்கள் வெளியே வந்தபோது, உள்ளே ஒளிபட்டிராத துணியின் ஊதா, வெளியே வெளுத்திருந்த ஊதாவுக்குப் பக்கத்தில் புத்தம்புதிதாக இருந்தது. தைத்தவர் ஒரு விரற்கடைகூட வீணாக்கவில்லை.

கழுத்து வியர்வையும் எண்ணெயும் படுகிற இடம். அதனால் பட்டையின் மேல்பகுதிக்கு அதே துணியில் இன்னொரு உறை: தொமோ-எரி. அழுக்கேறினால் இதை மட்டும் பிரித்துத் துவைக்கலாம், தேய்ந்தால் திருப்பித் தைக்கலாம். அதற்கும் உள்ளே, நாகஜுபான் என்ற உள்ளங்கியின் கழுத்தில் ‘ஹான்-எரி’ என்று ஒரு தனித்துணியைக் கையால் தைத்து இணைப்பார்கள். கிமோனோவுக்கு மேல் வெள்ளைக் கோடாகத் தெரிவது இதுதான். கழுத்தோடு உரசுவதும் இதுதான், அடிக்கடி மாற்றுவதும் இதுதான். விலையுயர்ந்த பட்டுத்துணியைத் தண்ணீரில் போடாமல் காப்பதற்கு இப்படி மூன்று அடுக்கு.

பட்டைக்குக் கீழே இருபுறமும் இருக்கும் ஒடுக்கமான துண்டுகள் ஒகுமி. தைத்து முடித்தபின் அகலம் 15 செ.மீ. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாக மடிய வேண்டும் என்றால் ஒரு சுருளின் அகலம் போதாது. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட வந்தவை இவை. ஒகுமி மேலே போய்ப் பட்டையைக் கூர்மையாகச் சந்திக்கும் முனை ‘கென்சாக்கி’, வாள்முனை என்று பொருள். தைப்பவரின் கை எப்படிப்பட்டது என்று பார்க்க ஆசிரியை முதலில் இந்த முனையைத்தான் பார்ப்பார். கீழே பட்டை முடியும் இடம் ‘எரிசாக்கி’. அங்கிருந்து கீழோரம் வரையுள்ள விளிம்பு ‘ட்சுமா’, கீழோரம் முழுவதும் ‘சுசோ’. நீளமான கீழோரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்து நடந்த காலத்தில், கெய்ஷாக்கள் ட்சுமாவை இடது கையால் பிடிப்பது வழக்கம். ‘இடது ட்சுமாவைப் பிடிப்பது’ என்றாலே கெய்ஷாவாக வாழ்வது என்று ஆகிவிட்டது.

உடுத்தும்போது வலப்பக்கம் முதலில் உடம்பை ஒட்டி, இடப்பக்கம் அதன்மேல். ஆணும் பெண்ணும் இப்படித்தான். 719-ஆம் ஆண்டு அரசவை, மக்கள் எல்லோரும் இனி இப்படியே உடுத்த வேண்டும் என்று ஆணை போட்டது. மாற்றி உடுத்துவது இறந்தவர்களுக்கு மட்டும். சுற்றுலா வந்தவர்கள் தவறாக மடித்திருப்பதைப் பார்த்தால் தெருவில் போகும் பாட்டிகள் நின்று, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சரிசெய்துவிடுவார்கள்.

இனி அளவுக்கு வருகிறேன். என் மெய்சென்னின் பின்பக்கம் ஒவ்வொரு துண்டும் தைத்த நிலையில் 30 செ.மீ. அகலம், முன்பக்கம் 23. ஆனால் முன்னும் பின்னும் ஒரே துண்டுதானே? அகலம் முழுவதும் 36 அல்லவா? மிச்சம் எல்லாம் பக்கத்தையலுக்குள் மடிந்து கிடக்கிறது. ஒல்லியானவருக்கு அதிகமாக உள்ளே போகும், பருத்தவருக்குக் குறைவாகப் போகும். துணி ஒன்றே. நீளத்திலும் இதே கதை. இடுப்புக்கு அருகே, ஒபி மறைக்கும் இடத்தில், உள்பக்கம் கிடையாக ஒரு மடிப்பைப் பிடித்துத் தைத்திருப்பார்கள். அது ‘உச்சியாகே’. கீழோரம் தேய்ந்து கிழிந்தால், அந்த ஓரத்தை மடித்துவிட்டு, குறைந்த நீளத்தை இந்த மடிப்பைப் பிரித்து ஈடுகட்டலாம். உயரமான பேத்திக்குக் கிமோனோ போனாலும் இங்கிருந்துதான் துணி வரும். வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணில் இது படவே படாது. பாகங்களைக் குறிக்கும் பல படங்களிலும் இது விட்டுப்போகிறது. எனக்கோ இது இல்லாமல் கிமோனோவை விளக்குவது முடியாத காரியம் என்று படுகிறது.

உச்சியாகேயை ‘ஒஹாஷோரி’யோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒஹாஷோரி தைத்த மடிப்பு அன்று; பெண்கள் உடுத்தும்போது ஒபிக்குக் கீழே உண்டாக்குவது. பெண்கள் கிமோனோ கிட்டத்தட்ட அவர்கள் உயரத்துக்கே இருக்கும். எடோ காலத்தில் வீட்டுக்குள் அது தரையில் புரளும், வெளியே போகும்போது தூக்கிக் கட்டுவார்கள். மெய்ஜி காலத்தில் (1868–1912) அந்தத் தூக்கிக் கட்டுதலே நிரந்தர மடிப்பாகிவிட்டது.

அகலத்தில் ஓர் எல்லை உண்டு. முதுகு நடுத்தையலிலிருந்து தோள் வழியே மணிக்கட்டு வரையுள்ள அளவு ‘யுக்கி’. உடம்புத் துண்டு ஒன்று, கைத் துண்டு ஒன்று என்று இரண்டு அகலம் சேர்ந்ததுதான் அது. 36 செ.மீ. துணியில் தையல் போக 68, 69 செ.மீ.க்கு மேல் வராது. பழைய பெண் கிமோனோக்களில் 1 ஷாகு 6 சுன் 5 பு (சுன்னில் பத்தில் ஒன்று பு), அதாவது 62.5 செ.மீ. சாதாரணம். இன்றைய ஜப்பானியப் பெண்கள் பலருக்குப் பாட்டியின் கிமோனோவில் மணிக்கட்டு வெளியே நிற்பது இதனால்தான். இப்போது சுருள்கள் அகலமாக நெய்யப்படுவதற்கும் இதுவே காரணம்.

உள்துணிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முதல் மே வரை லைனிங் வைத்த ‘அவாசே’, ஜூனிலும் செப்டம்பரிலும் லைனிங் இல்லாத ‘ஹிதோயே’, ஜூலை ஆகஸ்டில் காற்றுப் புகும் மெல்லிய ‘ரோ’, ‘ஷா’ என்பது வழக்கமான நாள்கணக்கு. அவாசேயில் மேல்பாதி லைனிங் ‘டோஉரா’, கீழ்ப்பாதி ‘ஹக்காக்கே’. உடம்பின் முன்னும் பின்னும் நான்கு, ஒகுமிக்கு இரண்டு, பட்டை முனைக்கு இரண்டு என ஹக்காக்கேயும் எட்டுத் துண்டு. கீழோரத்தில் லைனிங் மேல்துணியைத் தாண்டி இழையளவு வெளியே எட்டிப் பார்க்கும். அது ‘ஃபுக்கி’. தேய்மானத்தை அது வாங்கிக்கொள்ளும், மேல்துணி பிழைக்கும். மணப்பெண்ணின் மேலங்கியில் இதற்குள் பஞ்சு திணித்துத் தடிமனாக்குவார்கள். என் மெய்சென்னுக்கு மேல்பாதி லைனிங் சிவப்பு, ‘மோமி’ என்ற பட்டு. பழங்காலத்தில் மஞ்சளில் ஒரு முக்கு, அதன்மேல் குசும்பப்பூச் சாயம் என்று ஏற்றிய சிவப்பு, பின்னாளில் ரசாயனச் சாயத்துக்கும் மாறியது. போருக்கு முந்தைய கிமோனோ என்று கண்டுகொள்ள இந்தச் சிவப்பு உதவும்.

உள்துணி, மேல்துணி என்று வரும்போது நம் கடற்கரையும் வருகிறது. டச்சுக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோன சாயமிட்ட பருத்தித் துணிகளை ஜப்பானியர் ‘சராசா’ என்றார்கள். உள்ளங்கிகளிலும் ஒபிகளிலும் தேநீர்ப் பாத்திரங்களின் பைகளிலும் அவற்றைத் துண்டு துண்டாகப் போற்றிப் பயன்படுத்தினார்கள். ஹிகோனே பிரபுக்களான இயி குடும்பம் சேர்த்த 400-க்கும் மேற்பட்ட இந்தியச் சராசாத் துண்டுகள் தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மெல்லிய கோடு போட்ட பருத்திக்கு ‘சாந்தோமே’ என்று பெயர். மயிலாப்பூரை அடுத்த நம் சாந்தோம்தான் அது, போர்த்துகீசியர் வைத்த பெயரோடு அங்கே போய்ச் சேர்ந்தது. எடோ (இன்றைய தோக்கியோ) நகரத்து ரசனைக்காரர்கள் இந்தக் கோட்டுத் துணியில் கிமோனோ தைத்து உடுத்தினார்கள். பிறகு ஜப்பானியரே அதைப்போல நெய்யக் கற்றார்கள். ‘தோசான்’ என்ற பெயரில் சிபா மாவட்டத்துத் ததேயாமாவில் அந்த நெசவு இன்றும் இருக்கிறது. அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது நெய்தவர்களின் ஊர்ப்பெயராவது நிலைத்ததே என்று ஒரு நிறைவு.

தையல் எல்லாம் கையால் போடும் ஓட்டுத்தையல். ஊசி மேலும் கீழும் ஓடும், முடிச்சு தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும். தைத்தபின் துணியைத் தையல்கோட்டில் மடிக்காமல், அதைவிட ஏறத்தாழ 2 மி.மீ. தள்ளி மடித்துத் தேய்ப்பார்கள். அந்த இழையளவு மடிப்புக்குப் பெயர் ‘கிசே’. தையல் வெளியே தெரியாது என்பது அதன் ஒரு பயன். பெரிய பயன் வேறு. உட்காரும்போதோ குனியும்போதோ இழுபட்டால் அந்த 2 மி.மீ. முதலில் விட்டுக்கொடுக்கும். அதையும் மீறி இழுத்தால் நூல் அறும், துணி கிழியாது. நூலைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பட்டுத் துணியில் பட்டு நூலை இப்படி வலுவில்லாமல் போடுவது முதலில் எனக்குத் திகைப்பாக இருந்தது. பிரிக்கும்போது அதன் அருமை தெரிந்தது. ஓரிடத்தில் வெட்டி நூலை மெதுவாக இழுத்தால் ஒரு முழத் தையல் அப்படியே உருவிக்கொண்டு வந்தது. துணியில் துளை இருந்த தடம்கூட நீவியதும் மறைந்தது.

எட்டும் பிரிந்தபின் அவற்றை முனையோடு முனை சேர்த்துத் தைத்து மறுபடி ஒரே நீளத் துணியாக்குவார்கள். இதற்கு ‘ஹனுயி’ என்று பெயர். கிமோனோ மீண்டும் தன்மோனோ ஆகிவிடுகிறது. அதைத் துவைத்து, கடற்பாசிக் கஞ்சி போட்டு, இருமுனையிலும் ஊசி பொருத்திய மூங்கில் குச்சிகளான ‘ஷின்ஷி’யை அகலவாட்டில் வளைத்துச் செருகி, முற்றத்தில் விறைப்பாகக் கட்டி உலர்த்துவார்கள். பருத்தியை மரப்பலகையில் ஒட்டிக் காயவைப்பார்கள். மொத்த வேலைக்கும் ‘அராய்ஹரி’ என்று பெயர். ஒரு காலத்தில் வீட்டுப் பெண்களின் வழக்கமான வேலை, இன்று சில கடைகள் மட்டும் ஏற்றுச் செய்வது.

திரும்பத் தைக்கும்போது பாகங்கள் இடம் மாறும். மணிக்கட்டில் தேய்ந்த ஓரம் தோள்பக்கம் போகும், தோள்பக்கக் கரை மணிக்கட்டுக்கு வரும். ஒகுமியைத் தலைகீழாக்கினால் கீழே நைந்த முனை மேலே போய்ப் பட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். எல்லாம் நீள்சதுரம் என்பதால் இது முடிகிறது. விசேஷத்துக்கான சில கிமோனோக்களில் மட்டும் முடியாது. ‘ஹோமோங்கி’ போன்றவற்றில் படம் தையல்களைத் தாண்டி ஒகுமியிலிருந்து மிகோரோவுக்கும் கைக்கும் தொடர்ந்து ஓடும். வெள்ளைத் துணியைத் தற்காலிகமாகக் கிமோனோவாகத் தைத்து, கோடு வரைந்து, பிரித்து, சாயமேற்றி, மறுபடி தைப்பார்கள். அந்த வேலைப்பாட்டின்முன் மலைத்து நின்றிருக்கிறேன். ஆனாலும் என் மனம் சின்னப் பூ போட்டதும் கோடு போட்டதுமான எளிய துணிகளிடம்தான் போகிறது. அவற்றில் எந்தப் பாகமும் எந்த இடத்துக்கும் போகலாம்.

குழந்தைக் கிமோனோவில் இன்னும் சில பாகங்கள் கூடும். கைக்குழந்தைக்கு முதுகு முழுவதும் ஒரே அகலத் துணி போதும் என்பதால் நடுத்தையலே இராது. அந்த வகை ‘ஹிதோட்சுமி’. தையலின் கண்கள் முதுகைப் பார்த்துக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. அந்தக் காவல் இல்லாத குழந்தைக்குத் தாய்மார் பிடரிக்குக் கீழே வண்ண நூலில் ‘செமமோரி’ என்ற சிறு தையல்சின்னம் போடுவார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரிய அளவில் தைத்து, தோளில் ‘கதாஆகே’, இடுப்பில் ‘கொஷியாகே’ என்று மடிப்புப் பிடித்துவைப்பார்கள். நம் வீடுகளில் பட்டுப்பாவாடைக்கு டக் பிடித்து ஆண்டுக்கொன்றாகப் பிரித்துவிடுவோமே, அதே கணக்கு. கியோட்டோ அராஷியாமாவில் ஹோரின்ஜி கோயிலுக்குப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் வருவார்கள். பெரியவர்கள் அளவில் தைத்து, தோளில் மட்டும் மடிப்புப் பிடித்த கிமோனோவை அன்றைக்கு உடுத்தும் பிள்ளைகள் உண்டு. வணங்கிவிட்டு தொகெட்சுகியோ பாலத்தைக் கடக்கும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அந்தத் தோள் மடிப்பைக் காணும்போது, இன்னும் வளரும் என்று யாரோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று மனம் இளகிவிடுகிறது.

இனிமேல் கிமோனோவாகத் தைக்க முடியாத துணிக்கும் வேலை இருந்தது. குழந்தைச் சட்டையாகும், மெத்தை உறையாகும், அணையாடையாகும், தரை துடைக்கும். எடோவில் பழந்துணி வணிகம் பெரிய தொழில். தொமிசாவா-சோவும் யானகிவாரா கரையும் அதற்குப் பேர்போன இடங்கள். பருத்தி விளையாத வடக்குக் குளிர்ப் பகுதிகளுக்கு மேற்கிலிருந்து கப்பல்கள் பழம்பருத்தித் துணியை மூட்டை மூட்டையாக ஏற்றிப்போயின. அங்கே அதை நாடாவாகக் கிழித்து ஊடையாக வைத்து ‘சாக்கியோரி’ நெய்தார்கள். கடைசியில் அடுப்புக்குப் போனாலும் சாம்பலை வாங்க ஆள் வருவார்.

இன்று கைத்தையலில் பெரும்பங்கு வியட்நாமுக்குப் போய்விட்டது. அங்குள்ள கைகள் தேர்ந்த கைகள், அதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. எனக்கு வருத்தம் வேறிடத்தில். மெஷினில் நெருக்கமாகப் போட்ட பூட்டுத்தையலை அவ்வளவு எளிதில் பிரிக்க முடியாது, பிரித்தாலும் பட்டில் துளை நிற்கும். பழைய கிமோனோக்களைத் தைத்த நிலையிலேயே கத்தரித்துப் பையும் மேசைவிரிப்புமாக்குவதும் இப்போது பரவலாகிவிட்டது. பை தைக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வெட்டுவதற்குமுன் பிரியுங்கள். பிரித்தால் துணி கூடுதலாகக் கிடைக்கும், பட்டைக்குள்ளும் உச்சியாகேக்குள்ளும் நிறம் மாறாத துணி காத்திருக்கும், நூலும் மிஞ்சும்.

யாரிடமாவது பழைய கிமோனோ ஒன்று இருந்து, சின்னதாக இருக்கிறதே என்று ஒதுக்கி வைத்திருந்தால், இதைச் செய்துபாருங்கள். உள்பக்கத்தைத் திருப்பி, இடுப்பருகே உச்சியாகேயை விரலால் தடவி அதன் ஆழத்தை அளங்கள். அந்த ஆழத்தைப்போல் இருமடங்கு நீளத்தில் கிடைக்கும். கைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள தையலில் இருபுறமும் மடிந்திருக்கும் துணியை அளங்கள். யுக்கியை அவ்வளவு கூட்டலாம். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, அதன்பிறகு தையல்காரரிடம் கொண்டுபோங்கள்.